தொழில் என்ற கட்டம்

வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டில்
போட்டோகொப்பிக் கடைக்கு மேல் என் மேசை.
ரப்பர் முத்திரை ஒன்று,
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்ற பலகை ஒன்று.
வருகிறவர்கள் தமிழைக் கொடுத்து
ஜேர்மன் வாங்கிப் போகிறவர்கள்:
பிறப்புச் சான்று, மணச் சான்று,
காணாமற்போனவரைப் பற்றிய பொலிஸ் முறைப்பாடு.
நொரீன் வீட்மன் மட்டும்
எதிர்த்திசையில் வந்தார்,
பிஸ்கட் டின்னுக்குள் பழைய ஜேர்மனுடன்.

பன்னிரண்டு பக்கம்.
அடக்கத்தன்று சபைமுன் வாசித்த
ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதை.
மழைநாளில் அட்டை ஊர்ந்த தடம்போல் எழுத்து;
எகரத்தை னகரத்திலிருந்து பிரித்தெடுக்கவே
மூன்று நாள் போயிற்று.
"மொறாவியச் சகோதரர் சபை.
இவர் மகன் கொம்பனிச் சிப்பாயாய்க் கொழும்பில் இறங்கினான்.
அதற்குப் பிறகு எல்லாம் நாங்கள்தான்."
குடும்ப மரத்தின் உச்சிக் கொப்பில்
பெயருக்குக் கீழே ஒரு கட்டம், தொழில் என்று.
அதை நிரப்பித் தந்தால் போதும் என்றார்.

ஸால்டீனர்.
ஸால் மண்டபம், டீனர் வேலையாள்.
வாங்கு அடுக்கி, மெழுகுதிரி ஏற்றி,
பிந்தி வருபவரை ஓசையின்றி இருத்துபவர்.
ஆங்கிலத்தில் எழுதியதும் வேலைக்காரனாகிவிடுகிறார்.
வீட்மன்களிடம் வேலைக்காரர் இருந்ததுண்டு,
வீட்மன்கள் வேலைக்காரராய் இருந்ததில்லை.
தமிழில் என் கைவசம் ஒரு சொல் இருந்தது: ஊழியர்.
விளக்குமாறும் பிடிக்கும், பிரசங்கமும் பண்ணும்.
ஆனால் நொரீனின் தமிழ்
மீன் விலை பேசுமளவுக்குத்தான்.

அடுத்த பதவியில்தான் வில்லங்கம்.
கோர்ஹெல்ஃபர்.
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில்
பெரியப்பா ஒருவர் அகராதி பார்த்து
பாடகர் குழுத் துணைவர் என்று எழுதிவைத்துவிட்டார்.
அன்றுமுதல் அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேரும்
பியானோவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள்.
நொரீன், தெகிவளைக் கோயிலில்
முப்பத்தெட்டு வருடக் கீழ்க்குரல்.
சுருதி சேராத தம்பி
அடி வாங்கி, மெல்பேர்னுக்குப் போய்விட்டான்.

அந்தச் சபையில் கோர் என்றால் பாட்டில்லை.
மணமாகாத ஆண்கள் ஒரு கோர்,
விதவைகள் ஒரு கோர், சிறுமிகள் ஒரு கோர்.
இடுகாட்டில்கூட ஆண்களுக்கொரு பக்கம், பெண்களுக்கொரு பக்கம்.
யோஹான் வீட்மன் இளந்தாரிகளைப் பார்த்துக்கொண்டவர்.
எவன் இருமுகிறான்,
எவன் சாப்பிடாமல் எழும்புகிறான்,
எவன் இரவில் வீட்டை நினைத்து அழுகிறான்,
மனதில் வைத்திருந்து
தனித்தனியே கூப்பிட்டுக் கதைத்தவர்.
அவர் பாடியதாகப்
பன்னிரண்டு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
முன்பொருதரம் விட்டிருக்கிறேன்.
மயிலிட்டிப் பையன் ஒருவனின் விண்ணப்பம்,
தகப்பன் தொழில்: சம்மாட்டி.
ஆறு வள்ளமும் முப்பது ஆளும்
அந்தச் சொல்லுக்குள் இருந்தார்கள்.
நேரமில்லை. மீன்பிடிப்பவர் என்று போட்டு
முத்திரை குத்தினேன்.
மீன்பிடிப்பவரிடம் எதற்குக் கப்பம் கேட்டார்கள் என்று
அங்கே ஓர் அதிகாரி கேட்டாராம்.
பையனிடம் பதில் இருந்தது,
தாளில் இல்லை.

ஆகவே சொன்னேன்,
நாலரை ரயில் ஜன்னலை அதிரவைத்துப்
போய் முடியும்வரை காத்திருந்து.
நொரீன் கைப்பையைத் திறந்தார், மூடினார்.
"அப்போ பாட்டு?"
இல்லை.
"ஆனால் நாங்கள் பாடுகிறோமே" என்றார்.
அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் ஒன்றுமில்லை.

காசை எண்ணி வைத்தார். டின்னை மூடினார்.
படியில் இரண்டடி இறங்கியவர் திரும்பினார்.
"அந்தச் சோற்றுப் பார்சல்,
நான் வந்தபோதே அங்கேதான் இருந்தது. ஆறியிருக்கும்."

கட்டத்துக்குள் மூன்று சொல் எழுதி
மூன்றையும் அழித்தேன்.
பிறகு பார்சலைப் பிரித்தேன்.